வாசலை அளந்து எழுதிய சொல்

தீவன மில்லின் டெஸ்பாட்ச் அறையில் ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை நிற்கிறது. அதில் ஆறு வரிசை ஆணிகள், கிழமைக்கு ஒரு வரிசை. ஒவ்வோர் ஆணியிலும் ஓர் அட்டை தொங்கும். வாடிக்கையாளர் யார், எத்தனை மூட்டை, எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில், ஒரே ஒரு சொல் இருக்கும். பண்ணை என்று இருக்கலாம், தோட்டம் என்று இருக்கலாம். இல்லாவிட்டால் தோப்பு, வயல், பட்டி, கொட்டில், மேய்ச்சல். இந்த ஏழில் ஒன்று. எட்டாவது கிடையாது.

இது டேப் அக்காவின் ராஜ்யம். அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. மில்லில் அது யாருக்கும் நினைவில்லை. கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் ஒன்று சுருண்டு கிடக்கும். அதனால் வந்த பெயர். அவளைவிட வயதில் மூத்த லாரிக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பலகை இருந்தது, ஏழு சொற்கள் இல்லை. எல்லா அட்டையிலும் பண்ணைதான். போனில் கூப்பிடுகிறவர்கள் அதைத்தான் சொன்னார்கள். எட்டாயிரம் கோழி வைத்திருந்தவரும் பண்ணை என்றார், வீட்டுக்குப் பின்னால் ஒரு கிழட்டு எருமையைக் கட்டியிருந்தவரும் பண்ணை என்றார். அவளும் கேட்டதைக் கேட்டபடி எழுதினாள். மூன்றாவது வாரம் ஒரு 'பண்ணைக்கு' பெரிய லாரி போனது. அங்கே இருந்தவை மரங்கள், மரங்களுக்கு நடுவே நாலு மாடுகள். தாழ்ந்த கிளை ஒன்று லாரியின் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இரண்டு மூட்டை கிழிந்து கொட்டியது. லாரிக்காரர் தலையிலிருந்து கால்வரை தவிடாகத் திரும்பி வந்து அவள் மேசைக்கு முன்னால் நின்றார்.

"ஏங்க்கா, பண்ணைன்னு எழுதியிருந்தீங்க."

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க."

"அவங்க சொல்லுவாங்க. மாடு உள்ள போகுதுன்னா லாரியும் போகும்னு அவங்க நினைப்பு."

அந்த வாரத்திலிருந்து விடுமுறை நாட்களில் அவள் ஒரு டேப்பையும் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. பேருந்து போகிற இடத்துக்குப் பேருந்து, போகாத இடத்துக்கு நடை. நூற்று நாற்பது இடங்களைப் பார்த்து முடிக்க ஒன்றரை வருடம் ஆனது. பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது, எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் இடம் ஒரே இடம் இல்லை என்று.

பண்ணை என்றால் பிராணிகள் எந்நேரமும் அங்கேயே இருக்கும், அவற்றுக்காகவே ஓர் ஆள் அங்கேயே படுத்துக் கிடப்பார். பெரிய லாரி உள்ளே போய், வட்டமடித்து, முகத்தைக் காட்டிக்கொண்டு வெளியே வரும். தோட்டத்தில் முதல் மரியாதை பயிருக்கு, மாடு இரண்டாம்பட்சம். கேட்டில் நின்று கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்று மோட்டார் அறையிலிருந்து குரல் வரும், ஆள் வரப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தையும் அவள் அட்டையில் சேர்த்தே நேரம் போட்டாள். தோப்புக்குக் குட்டி வேன்தான். வயலுக்கு எந்த வண்டியும் உள்ளே போகாது, மூட்டையைச் சாலை முனையில் இறக்கிவிட்டு வரவேண்டும், மழை பெய்திருந்தால் அதுவும் இல்லை. பட்டிக்குப் பகலில் போனால் வேலிதான் இருக்கும். ஆடும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார், மேயப் போயிருப்பார்கள். கொட்டில் என்பது வீட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பது. ஒரு மூட்டை, இரண்டு மூட்டை. அவர்களே வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.

மேய்ச்சல் என்ற சொல்லுக்கு ஒரே ஓர் அட்டைதான் உண்டு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இளைஞர் ஒருவர் மலையடிவாரத்தில் முந்நூறு மாடுகளை விட்டிருந்தார். போனில் "ராஞ்ச்" என்றார். அவள் போய்ப் பார்த்தாள். கேட் இருந்தது, அதற்கு இரண்டு பக்கமும் வேலி இல்லை.

"வேலி எங்கங்க முடியுது?"

"அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க."

"மாடெல்லாம் எங்க?"

அவர் மலையைக் காட்டினார். முழு மலையையும் காட்டினார். அவள் டேப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு 'மேய்ச்சல்' என்று எழுதினாள். மூட்டைகளை உப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு வரவேண்டியது, மாடுகளுக்குத் தாமாகவே தெரிந்துவிடும்.

இன்னோர் இடத்தில் பண்ணை வீடு என்றார்கள். பண்ணை எங்கே என்று கேட்டாள். வீட்டைக் காட்டினார்கள். நீச்சல் குளம் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, பிராணி என்று பார்த்தால் ஒரு நாய். அவர்களுக்கு ஏழு சொற்களில் எதுவும் பொருந்தவில்லை. நாய்க்குத் தீவனம் நாங்கள் அரைப்பதில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படி வந்த வழக்கம் ஒன்று அவளிடம் உண்டு. புதிய வாடிக்கையாளர் போன் செய்தால், அவர் சொன்ன சொல்லைப் பென்சிலில் எழுதுவாள். நேரில் போய்ப் பார்த்து, வாசலை அளந்து வந்த பிறகுதான் பேனா. பேனாவில் எழுதிய அட்டையின் பின்பக்கம் இரண்டு குறிப்புகள் இருக்கும்: பார்த்த தேதி, வாசலின் அகலம். "பென்சில்ல இருக்கிற வரைக்கும் அது கேள்வி" என்பாள். "பேனாவுல வந்தாத்தான் பதில்."

இனி அவளுடைய கணவர்.

அவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டினார். ஓய்வு பெற்ற மறுநாளும் விடிகாலை எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, வாசல்வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்தார். அந்த இரண்டு மாதத்தில் சமையலறை டப்பாக்கள் உயர வரிசைப்படி நின்றன. வீட்டிலிருந்த மூன்று கடிகாரங்களும் ஒரே நேரம் காட்டின. மகள் குளியலறைக்குள் போய் எத்தனை நிமிடம் ஆகிறது என்பது கதவுக்கு வெளியே அவ்வப்போது அறிவிக்கப்பட்டது. கால்வாய் ஓரத்தில் கொஞ்சம் நிலம் பார்த்திருக்கிறேன், ஒன்பது ஆடு விடப்போகிறேன் என்று அவர் சொன்னபோது வீட்டில் ஒருவரும் எதிர்க்கவில்லை. மகள் கைதட்டாத குறை.

நிலத்துக்கு வேலி வருமுன் பெயர்ப்பலகை வந்துவிட்டது. நீல வண்ணத்தில், அவர் கையாலேயே, 'பண்ணை' என்று எழுதினார். மகள் அச்சகத்தில் வேலை செய்கிறவள். அப்பாவின் ஆசைக்கு நூறு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தாள், 'பண்ணை உரிமையாளர்' என்று. டீக்கடையில் பழைய பயணிகள் "வாங்க பண்ணையாரே" என்றார்கள். கேலிதான். ஆனாலும் முப்பது வருடமாக "டிரைவர், நிறுத்துங்க", "டிரைவர், மெதுவா" என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அது கேலியாகப் படவில்லை. டீயை ஊதிக் குடிக்கிற தோரணையே மாறிவிட்டது.

ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"உன் பலகையில என் பேரையும் போடேன்."

"போட்டாச்சு. காலையிலயே எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"கொட்டில்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கை நின்றது. "கொட்டிலா? வீட்டுக்குப் பின்னாடி ஒரு மாட்டைக் கட்டினா அது கொட்டில். நான் வேலி போட்டு, கேட் போட்டு, போர்டு போட்டு வச்சிருக்கேன்."

"ஆடு எத்தனை?"

"எண்ணிக்கையா முக்கியம்?"

"ஒன்பது ஆட்டுக்கு நான் பெரிய லாரி அனுப்பினா, லாரிக்காரர் என்னையும் அதுங்களோட சேர்த்துக் கட்டிட்டு வந்துடுவார்."

மகள் சிரித்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "அம்மா, ஒரு சொல்தானே. எழுதிட்டுப் போயேன்."

"ஒரு சொல்தான். அதனாலதான் பார்த்து எழுதணும்."

எட்டு மாதம் மொபெட்டின் முன்னால் ஒரு மூட்டையை நிறுத்தி, முழங்காலால் அணைத்தபடி தானே ஓட்டிக்கொண்டு போனார். மில்லுக்கு வரும்போதெல்லாம் டெஸ்பாட்ச் அறைப் பக்கம் தலையைத் திருப்பமாட்டார். நேரே கிடங்குக்குப் போய், மூட்டையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே போய்விடுவார். கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்காரர் அவருடைய பேருந்தில் இருபது வருடம் வேலைக்கு வந்து போனவர். அவருக்கு இதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அக்காவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க ஒருநாள் லீவு போடவேண்டி வந்தது. பலகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஸ்டோர்காரருக்கு. அன்று காலை மொபெட் வந்து நின்றது.

"இன்னைக்கு உங்க வீட்டுக்காரம்மா இல்லையே" என்றார் ஸ்டோர்காரர்.

"தெரியும். பல் பிடுங்கப் போயிருக்கா."

இரண்டு பேரும் சிறிது நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொபெட்டில் வந்தவர் எதையும் கேட்கவில்லை. ஸ்டோர்காரரும் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பழைய அட்டையை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். புதிய அட்டை ஒன்றில், பேனாவால், நல்ல கொட்டை எழுத்தில் 'பண்ணை' என்று எழுதி மாட்டினார். பெரிய லாரி, பத்து மூட்டை, காலை பதினொன்று.

பதினொன்றுக்கு முன்பே கணவர் கேட்டில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. லாரி கால்வாய்க்கரையில் திரும்பியதும், முப்பது வருட அனுபவத்தையும் கையில் வரவழைத்து, "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி, வா, வா" என்று பின்பக்கமாக அழைத்தார். லாரிக்காரர் கண்ணாடியில் அந்தக் கையைப் பார்த்தார். ஓட்டத் தெரிந்தவர் கை. நம்பி வந்தார். கேட்டுக்குப் பத்தடி முன்னால், போன மாதம்தான் மண்ணடித்த கரையில், பின்சக்கரம் இரண்டும் அச்சுவரை இறங்கின. "போதும்" என்றார் கணவர். லாரியும் அதையேதான் நினைத்திருந்தது.

பக்கத்து நிலங்களிலிருந்து இரண்டு டிராக்டர் வந்து இழுத்து லாரியை வெளியே எடுப்பதற்குள் மணி மூன்றாகிவிட்டது. அந்த லாரியில் அவருடைய பத்து மூட்டைக்குப் பின்னால் கோழிப்பண்ணை அம்மாவுக்குப் போகவேண்டிய அறுபது மூட்டை இருந்தது. நண்பகலில் சாப்பிட்டுப் பழகிய எட்டாயிரம் கோழிகள் நாலு மணிவரை காத்திருந்தன. அந்த அம்மா மில்லுக்குப் போன் செய்து ரிசீவரைக் கொட்டகைப் பக்கம் நீட்டினாள். தான் பேசுவதைவிட அவை பேசுவதே தெளிவாக இருக்கும் என்று நினைத்திருக்கவேண்டும்.

மறுநாள் காலை, ஒரு கன்னம் வீங்கியபடி டேப் அக்கா வேலைக்கு வந்தாள். ஸ்டோர்காரர் தானாகவே வந்து ஒப்புக்கொண்டார். "நான்தான் எழுதினேன்க்கா. அவர் கேக்கலை. அவர் நின்ன விதம் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"நீங்க போய்ப் பார்த்தீங்களாண்ணே?"

"எதை?"

"இடத்தை."

"இல்லையே."

"பார்க்காம எப்படிண்ணே பேனாவுல எழுதுனீங்க?" வீங்கிய கன்னத்தோடு அவள் கேட்டது பாதிதான் வார்த்தையாக வந்தது. மீதியை அவள் கண்ணிலிருந்து அவர் புரிந்துகொண்டார்.

பத்து மணிக்கு மேலாளர் வந்தார். சத்தம் போடுகிறவர் இல்லை. அறைக்குள் வந்து, பலகைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். மற்றவர்கள் தாமாகவே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அவள் இழுப்பறையைத் திறந்து தன் பழைய அட்டையை எடுத்து நீட்டினாள்.

"சார், நான் எழுதின அட்டை இது. கொட்டில்னு தெளிவா இருக்கு. இது தொங்கியிருந்தா லாரி போயிருக்காது."

மேலாளர் படித்தார். "பேனாவுலதான் இருக்கு" என்றார். அவருக்கும் வழக்கம் தெரியும். அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"தேதி இல்லையே, அம்மா."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். மறுபடி திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தாள், தேதி இடம் மாறி அங்கே போயிருக்குமோ என்பதுபோல. நூற்று நாற்பது இடங்களுக்குக் குடை பிடித்துக்கொண்டு போனவள், எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடக் கால்வாய்க்கரைக்குப் போகவில்லை. போகக்கூடாது என்று நினைத்ததில்லை. தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அவர் சொல்லி, அவள் கேட்டு, கேட்டதே பார்த்ததாக ஆகிவிட்டது. ஒன்பது ஆடு என்று ஆரம்பத்தில் சொன்னார். அவளும் ஒன்பதிலேயே நின்றுவிட்டாள்.

"இந்த வாடிக்கையாளரை எடுத்துடலாம்னு பார்க்கறேன்" என்றார் மேலாளர். "கோழிப்பண்ணைக்கு நான் பதில் சொல்லணும். வைக்கணும்னு நீங்க நினைச்சா சரியான சொல்லைப் போட்டு, சரியான வண்டியைப் போட்டு, சனிக்கிழமைக்குள்ள மாட்டுங்க. இல்லைன்னா ஆணி காலியா இருக்கட்டும். உங்க பலகை, நீங்களே முடிவு பண்ணுங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் பின்புறக் குழாயடியில் செருப்பிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டவேண்டிய சேறு நேற்றே போயிருக்கவேண்டும், இன்றும் சுரண்டினார்.

"வலி எப்படி இருக்கு?" என்றார் நிமிராமல்.

"பல்லுல இல்லை."

அவர் இன்னும் கொஞ்சம் சுரண்டினார். "போர்டை நாளைக்குக் கழட்டிடறேன். ஆடுங்களையும் யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேன். எனக்கு என்ன, வீட்டுலயே இருந்துட்டுப் போறேன்."

அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் குளியலறைக் கதவும் கடிகாரங்களும் வந்து போயின.

"நாளைக்கு எத்தனை மணிக்கு அங்க இருப்பீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எதுக்கு?"

"அளக்க வரணும்."

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "நாலரைக்குத்தான் வாசல்ல இருப்பேன். முன்னாடி வந்தா ஆள் இருக்காது."

மறுநாள் அவள் மதியத்துக்கு மேல் அனுமதி வாங்கிக்கொண்டு பேருந்தில் போனாள். காலையிலேயே அவருடன் மொபெட்டில் போயிருக்கலாம். வாடிக்கையாளர் வண்டியில் ஏறி வாடிக்கையாளர் இடத்தைப் பார்க்கப்போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கால்வாய்க்கரையில் லாரி இறங்கிய பள்ளம் இரண்டு வாய்போலத் திறந்து கிடந்தது. கேட்டில் நீலப் பலகை. கேட்டைவிடப் பலகைதான் பெரிது. வேலி நேராக இருந்தது, கம்பத்துக்குக் கம்பம் ஒரே இடைவெளி. மணி நாலேகால். உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கீற்றுப் பந்தல், ஒரு நாற்காலி. ஆடு இல்லை, ஆள் இல்லை.

கேட்டின் உட்பக்கம் ஒரு சிறிய கரும்பலகை தொங்கியது. சாக்பீஸில் எழுதியிருந்தார்: 'புறப்பாடு 9.10. கால்வாய் மதகு 9.40. மைதானம் 10.15. நிழல் 12.30 முதல் 2.00 வரை. வருகை 4.30.' அதற்குக் கீழே: 'தாமதமாக வரும் ஆடுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.'

அவள் சிரிக்கக் கூடாது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். வலித்தது.

நாலரைக்குக் கரைமேல் மணிச்சத்தம் கேட்டது. முன்னால் அவர், பின்னால் ஆடுகள், ஒன்றன்பின் ஒன்றாக. கேட்டுக்கு முன்னால் வந்ததும் கையை உயர்த்தினார். ஆடுகள் நின்றன. அவள் அவரைத் தெரிந்தவள்போலக் காட்டிக்கொள்ளவில்லை. ஓர் அடி தள்ளி நின்று, மற்ற எல்லாரிடமும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"தீவன மில்லுலேர்ந்து வரேன். இடத்தைப் பார்க்கணும். உரிமையாளர் நீங்கதானா?"

அவர் ஒரு கணம் திகைத்தார். பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. சட்டைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். "ஆமாங்க. வாங்க. எண்ணி உள்ள விட்டுட்டு வரேன், ரெண்டு நிமிஷம்."

கேட்டை ஓர் ஆடு நுழையும் அளவுக்குத் திறந்து, ஒவ்வொன்றின் முதுகிலும் கைவைத்து எண்ணி உள்ளே அனுப்பினார். அவளும் எண்ணினாள். இருபத்து மூன்று.

"ஒன்பதுன்னு கேள்விப்பட்டேன்."

"ஒன்பது நம்மளுது. அந்த அஞ்சும் தையல்காரம்மாவோடது. காலையில கொண்டுவந்து விட்டுட்டு, கடை மூடினப்புறம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. இந்த ஒன்பதும் பள்ளிக்கூட வாட்ச்மேனோடது. அவருக்குப் பகல்ல மேய்க்க முடியாது. எப்படியும் நம்ம வண்டி போகுது, ஏத்திக்கிட்டேன்."

"இதை நீங்க வீட்டுல சொல்லலையே."

"வீட்டுல ஒன்பதுக்கே சிரிச்சாங்க."

அவள் டேப்பை எடுத்தாள். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். கேட்டின் அகலம் ஏழடி இரண்டு அங்குலம். பெரிய லாரிக்கு வாய்ப்பே இல்லை, குட்டி வேன் இருபுறமும் முக்கால் அடி விட்டு நுழையும். கரையின் புதுமண்ணைக் காலால் அழுத்திப் பார்த்தாள். வேன் தாங்கும். தொட்டியைப் பார்த்தாள், பந்தலைப் பார்த்தாள்.

"ராத்திரி யார் தங்கறாங்க?"

"யாரும் தங்கறதில்லைங்க. பக்கத்துத் தோட்டத்துல காவல் இருக்கு, அவரே பார்த்துக்கறார்."

அவள் கைப்பையிலிருந்து புதிய அட்டையையும் பேனாவையும் எடுத்தாள். எழுதுவதை அவர் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். வாடிக்கையாளர் கணவராகிவிட்டார்.

"பட்டியா?"

"பட்டி."

"பண்ணை இல்லையா?"

"ஆள் இங்கயே ராத்திரி தங்கினா யோசிக்கலாம்."

"தங்கட்டுமா?"

"கொசுக்கடியில ஒருநாள் தங்கிப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

அவர் முகம் தொங்கியது. "பட்டின்னா நாலு குச்சியை நட்டு வச்ச மாதிரி கேக்குது."

அவள் பேனாவை மூடினாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் அவள் காரணம் சொன்னதில்லை. இவருக்குச் சொன்னாள். "பண்ணையில இருக்கிறது எங்கயும் போறதில்லைங்க. கோழி பிறந்த இடத்துலயே நின்னு தின்னுட்டு அங்கயே முடிஞ்சுபோகுது. அதைப் பார்த்துக்க ஒரு பூட்டு போதும். பட்டிங்கறது காலையில கிளம்பிப் போனதெல்லாம் சாயங்காலம் ஒண்ணு குறையாம திரும்பி வர்ற இடம். அதுக்குத் தினமும் ஒருத்தர் முன்னாடி போய்ப் பின்னாடி எண்ணணும். நீங்க சொல்லுங்க, இங்க எது நடக்குது?"

அவர் ஆடுகளைப் பார்த்தார். தையல்காரம்மாவின் ஐந்தும் கேட்டுக்குப் பக்கத்தில், இறங்கவேண்டிய நிறுத்தம் வரப்போகிற பயணிகள்போல, முன்கூட்டியே வந்து நின்றுகொண்டிருந்தன.

"அப்படின்னா நான் முப்பது வருஷமா ஓட்டினதும் பட்டிதான் போல" என்றார்.

"அதை நான் பார்த்ததில்லை. எழுத முடியாது."

அவர் சிரித்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பு. அவள் அட்டையைத் திருப்பி, டேப்பைப் பார்த்துக்கொண்டே அகலத்தை எழுதினாள். அதற்குமேல் தேதியைப் போட்டாள். வழக்கத்தைவிடச் சற்று அழுத்திப் போட்டாள். முன்பக்கம்வரை தடம் தெரிந்தது.

"அந்த போர்டு?" என்றார் மெதுவாக.

"உங்க கேட்டுல எழுதறது உங்க இஷ்டம். என் பலகையில எழுதறது என் இஷ்டம்."

நீலப் பலகை அப்படியே இருந்தது. டீக்கடையில் பண்ணையார் பட்டமும் அப்படியே இருந்தது.

சனிக்கிழமை காலை அட்டை ஆணியில் ஏறியது. பட்டி, குட்டி வேன், நாலு மூட்டை, செவ்வாய் மாலை நாலரை. மேலாளர் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அட்டையைத் திருப்பினார், தேதியைப் பார்த்தார், போனார். ஸ்டோர்காரர் மட்டும் தள்ளி நின்று, "பண்ணையாருக்கு நாலு மூட்டை எடுத்து வச்சிடட்டுமாக்கா?" என்றார்.

"பட்டிக்காரருக்கு நாலு மூட்டை எடுத்து வைங்கண்ணே."

செவ்வாய்க்கிழமை நாலே முக்காலுக்கு டெஸ்பாட்ச் அறையில் போன் அடித்தது.

"கால்வாய்க்கரைப் பட்டியிலேர்ந்து பேசறேன்" என்றது குரல். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற குரல். "உங்க வேன் நாலு இருபதுக்கே வந்து நிக்குது. அட்டையில என்ன எழுதியிருக்கு? நாலரைதானே? நான் இருபத்து மூணு உருப்படியைக் கூட்டிட்டுக் கரையில வரேன், வாசலை அடைச்சுக்கிட்டு வண்டி. எண்ணவே முடியலை. ஒண்ணு கால்வாய்க்குள்ள இறங்கிடுச்சு. பத்து நிமிஷம் முன்னாடி வர்றதும் தப்புதாங்க, பத்து நிமிஷம் பின்னாடி வர்றதும் தப்புதாங்க."

ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அவள் ஆணியிலிருந்து அட்டையை எடுத்தாள். எண்ணிக்கைக்குப் பிறகே வேன் உள்ளே வரவேண்டும் என்று நேரத்துக்குப் பக்கத்தில் எழுதினாள். பேனாவில்தான்.

"சரிங்க, குறிச்சுக்கிட்டேன்" என்றாள். "எல்லாம் சரியா இருக்குதுங்களா? எண்ணிட்டீங்களா?"

ஆட்டு மணிகள் கேட்டன. இருபது, இருபத்தொன்று என்று அவர் வாய்க்குள் எண்ணுவதும் கேட்டது. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள்.